கொடுத்தது போதுமா?



கணக்குப் புத்தகத்தைத் திறந்தவுடன் நம் கண்ணில் படும் சொல் 'காண்க' என்பது. பரப்பளவு காண்க, வட்டி காண்க, வயது காண்க என்று புத்தகம் கட்டளையிடுகிறது. நாமும் உடனே எழுதுகோலை எடுத்துக்கொண்டு காணத் தொடங்கிவிடுகிறோம். காண முடியுமா என்று ஒரு கணம் நின்று கேட்பதில்லை. அச்சிட்ட கணக்குக்கு விடை இல்லாமற்போகுமா என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

ஆனால் 'விடை யாது?' என்ற கேள்விக்கு முன்னால் நிற்கவேண்டிய கேள்வி மற்றொன்று உண்டு. 'விடை காண்பதற்குக் கொடுத்த செய்திகள் போதுமா?' என்பதே அது. வங்கித் தேர்வுகளிலும், மேலாண்மைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளிலும் 'தரவுப் போதுமை' என்ற பெயரில் இக்கேள்வி இன்று மாணவர்களைத் திகைக்கவைக்கிறது. இந்தியக் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் 2011ஆம் ஆண்டு முதல் நடைபெறும் இரண்டாம் தாளின் பாடத்திட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. தேர்வு நடத்துவோர் அண்மையில் கண்டுபிடித்த தந்திரம் இது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இதன் வயது ஏறத்தாழ 2,300 ஆண்டு. இது எங்கே தொடங்கி எவ்வாறு தேர்வுத்தாளுக்கு வந்தது, இதனைக் கற்பதால் மதிப்பெண்ணுக்கு மேல் நமக்குக் கிடைப்பது யாது என்பவற்றை இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

கி.மு. 300ஐ ஒட்டி, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் யூக்ளிட் என்ற கணித ஆசிரியர் வாழ்ந்தார். அவர் இயற்றிய 'மூலங்கள்' என்ற பெருநூலை உலகம் அறியும். நாம் பள்ளியில் பயிலும் முக்கோணத் தேற்றங்களும் இணைகோட்டுத் தேற்றங்களும் அந்நூலின் வழி வந்தவையே. அவரே எழுதிய சிறு நூல் மற்றொன்று உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. கிரேக்க மொழியில் அதன் பெயர் 'தெதோமெனா'. 'கொடுக்கப்பட்டவை' என்பது அதன் பொருள். லத்தீன் மொழியில் அதுவே 'டேட்டா' ஆயிற்று. நாம் இன்று வழங்கும் 'தரவு' என்ற சொல்லும் 'தருதல்' என்னும் வினையின் வழியே வந்ததாகும். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் இருப்பதை இலக்கணம் பயிலும் மாணவர் அறிவர்.

இந்தச் சிறு நூலில் 94 தேற்றங்கள் உள்ளன. அவற்றில் 'காண்க' என்ற கட்டளை இல்லை. 'இது கொடுக்கப்பட்டிருப்பின், அதுவும் கொடுக்கப்பட்டதேயாகும்' என்ற முறையிலேயே அவை அமைந்திருக்கின்றன. அஃதாவது, எவையெவை தெரிந்தால் எது உறுதிப்படும் என்பதை மட்டுமே நூல் முழுவதும் ஆராய்கிறது. விடையைக் கணக்கிடுவதற்கு முன், விடை ஒன்றே ஒன்றாக நிலைபெற்றிருக்கிறதா என்று பார்ப்பதே யூக்ளிடின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் அதன் வடிவம் உறுதிப்படுகிறது என்று ஒரு தேற்றம் கூறுகிறது. மூன்று கோணங்கள் தெரிந்தாலும் வடிவம் உறுதிப்படுகிறது என்று அடுத்த தேற்றம் கூறுகிறது. ஆயினும் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. 30, 60, 90 பாகைக் கோணங்கள் கொண்ட முக்கோணத்தை நீங்கள் குறிப்பேட்டிலும் வரையலாம். கயிறு கட்டி விளையாட்டு மைதானத்திலும் வரையலாம். வடிவம் ஒன்றேதான், அளவோ வெவ்வேறு. ஆகவே 'வடிவத்தால் கொடுக்கப்பட்டது', 'அளவால் கொடுக்கப்பட்டது', 'இடத்தால் கொடுக்கப்பட்டது' என்று யூக்ளிட் மூன்றாகப் பிரித்துப் பேசினார். செய்திகள் போதுமா என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. எதற்குப் போதுமா என்றே கேட்கவேண்டும். இது அவரிடமிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

மற்றொரு தேற்றம் செவ்வகத்தைப் பற்றியது. அதன் கருத்தை எண்களால் சொல்கிறேன். ஒரு செவ்வகத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து 10 அடி என்று மட்டும் சொன்னால், அது ஆறும் நான்குமாக இருக்கலாம். ஏழும் மூன்றுமாகவும் இருக்கலாம். பரப்பளவு 24 சதுர அடி என்ற செய்தியையும் சேர்த்துச் சொன்னால், ஆறும் நான்கும் தவிர வேறு வழியில்லை. இச்செவ்வகத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகுதியில் எனக்கு இது தேவைப்படும்.

செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. 3, 4, 9 அங்குல நீளமுள்ள மூன்று குச்சிகளால் முக்கோணம் அமையாது. எந்த இரண்டு பக்கங்களின் கூடுதலும் மூன்றாம் பக்கத்தினும் மிகுந்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை யூக்ளிட் 'மூலங்கள்' நூலின் முதற்பகுதியிலேயே விதித்திருக்கிறார். ஆகவே கொடுக்கப்படும் செய்திகளுக்கு நான்கு நிலைகள் உண்டு: குறைவாக இருத்தல், அளவாக இருத்தல், வேண்டியதற்கு மேல் இருத்தல், முரண்பட்டு இருத்தல். இவற்றுள் எந்த நிலை என்று பாராமல் கணக்கைத் தொடங்குவது, ஆழம் பாராமல் ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

வடிவியலிலிருந்து எண்கணிதத்துக்கு வருவோம். இங்கே கதை இன்னும் சுவையானது. 5ஆம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்த சாங் சியூசியான் என்பவரின் கணித நூலில் ஒரு கணக்கு வருகிறது. சேவல் ஒன்றின் விலை 5 காசு. பெட்டை ஒன்றின் விலை 3 காசு. குஞ்சுகள் மூன்று சேர்ந்து 1 காசு. நூறு காசுக்கு நூறு பறவைகள் வாங்கவேண்டும். எத்தனை சேவல், எத்தனை பெட்டை, எத்தனை குஞ்சு?

தெரியாத எண்கள் மூன்று, நிபந்தனைகளோ இரண்டு. 'மூன்று தெரியாத எண்களுக்கு மூன்று சமன்பாடுகள் வேண்டும்' என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆகவே செய்தி போதாது, விடைகள் எண்ணிறந்தவை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அரைச் சேவலையும் கால் பெட்டையையும் யாரும் விற்பதில்லை. எண்கள் முழு எண்களாகவே இருக்கவேண்டும் என்பதைச் சொல்லாமற் சொல்லும் நிபந்தனையாகக் கொண்டால், விடைகள் சுருங்கிவிடுகின்றன. சீன நூல் மூன்று விடைகளைத் தருகிறது: 4 சேவல், 18 பெட்டை, 78 குஞ்சு, 8 சேவல், 11 பெட்டை, 81 குஞ்சு, 12 சேவல், 4 பெட்டை, 84 குஞ்சு. சேவலே வேண்டாம் என்போருக்கு 25 பெட்டையும் 75 குஞ்சும் என்ற நான்காவது விடையும் உண்டு. சேவல்கள் பத்துக்கு மேற்பட்டவை என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் விடை ஒன்றேயாகிவிடும்.

இத்தகைய பறவைக் கணக்குகள் நம் நாட்டிலும் வழங்கின. 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற சமண ஆசிரியர் தம் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலில் நால்வகைப் பறவைகளை வைத்து இதனைச் சொல்லியிருக்கிறார். அந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியர் ம. ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912ஆம் ஆண்டு சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்டது. அதற்கும் முன்னர், கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் நூலில், முழு எண்களையே விடையாகக் கொள்ளும் கணக்குகளுக்கு ஒரு வழியை வகுத்தார். 'குட்டகம்' என்பது அதன் பெயர்.

எகிப்து நாட்டில் கி.பி. 900ஐ ஒட்டி வாழ்ந்த அபூ காமில் என்ற அறிஞர் பறவைக் கணக்குகளுக்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஆறு கணக்குகள் உள்ளன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றிலும் நூறு பறவைகள், நூறு காசுகள். ஆனால் ஒன்றுக்கு விடை ஒன்றேதான் என்று காட்டினார். மற்றொன்றுக்கு விடையே இல்லை என்று காட்டினார். இன்னொன்றுக்கு 2,676 விடைகளைத் தாம் கண்டதாக எழுதினார். கணக்கின் முகத்தைப் பார்த்து அதன் உள்ளத்தை அறிய முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. எத்தனை சமன்பாடுகள் என்று எண்ணினால் மட்டும் போதாது. எத்தகைய எண்களைத் தேடுகிறோம் என்றும் பார்க்கவேண்டும். இஃது இரண்டாம் பாடம்.

இனிக் காலத்தால் நம்மை நெருங்கி வருவோம். 1840களின் தொடக்கத்தில், பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற குஸ்தாவ் ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சு இளைஞர், கணிதம் பயின்றுகொண்டிருந்த தம் தங்கைக்கு வேடிக்கையாக ஒரு கணக்கை எழுதி அனுப்பினார். கப்பல் புறப்பட்ட துறைமுகம், அது ஏற்றிய சரக்கு, அதன் எடை, பயணிகளின் தொகை, காற்று வீசும் திசை, கடிகாரம் காட்டும் நேரம் என்று செய்திகளை அடுக்கிக்கொண்டே போய், இறுதியில் 'கப்பல் தலைவனின் வயது என்ன?' என்று கேட்டிருந்தார். செய்திக்குப் பஞ்சமில்லை, வேண்டிய செய்திதான் இல்லை. அன்று முதல் பிரான்சு நாட்டில் 'கப்பல் தலைவனின் வயது' என்பது பொருளற்ற கணக்கைச் சுட்டும் வழக்காயிற்று.

வேடிக்கையாகச் சொல்லப்பட்டதை ஆசிரியத் தொழிலின் ஒழுங்காக ஆக்கியவர் ஜார்ஜ் போல்யா. 1887இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, சுவிட்சர்லாந்திலும் பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் கற்பித்த அப்பெரியார், கணக்கைத் தீர்க்கும் முறை பற்றி 1945ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டார். எந்தக் கணக்கையும் நான்கு படிகளில் அணுகவேண்டும் என்பது அவர் கருத்து. முதற்படி கணக்கைப் புரிந்துகொள்ளுதல். அப்படியில் மாணவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகளுள், தெரியாதது எது, தெரிந்தவை எவை என்பவற்றோடு, நிபந்தனை போதுமானதா, குறைவானதா, மிகையானதா, முரண்பட்டதா என்பதையும் அவர் சேர்த்தார். யூக்ளிட் காலத்து நான்கு நிலைகளை இங்கே மீண்டும் காண்கிறீர்கள். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இந்நூலைப் படித்தவர்களுள் நானும் ஒருவன். படித்தது வேறு, கைக்கொண்டது வேறு என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

போல்யாவின் நூல் வந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் இக்கேள்வி தேர்வுத்தாளில் ஏறியது. பள்ளிப் படிப்பை முடித்தோர் கல்லூரியில் சேர்வதற்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் கணிதப் பகுதியில் 1959 முதல் 1974 வரை தரவுப் போதுமை வினாக்கள் கேட்கப்பட்டன. பிறகு அவ்விடத்தை அளவுகளை ஒப்பிடும் வினாக்கள் பெற்றன. வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பில் சேர்வோருக்காக 1954இல் தொடங்கி, 1976இல் ஜிமேட் என்று பெயர் மாறிய தேர்விலோ அவை இன்றளவும் நிலைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு நவம்பரில் அத்தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது, அவை கணிதப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டு, அட்டவணைகளையும் வரைபடங்களையும் ஆராயும் பகுதியில் சேர்க்கப்பட்டன. இவ்வினா கணக்கிடும் திறனை மட்டும் சோதிப்பதன்று, தீர்ப்புக் கூறும் திறனையும் சோதிப்பது என்பதற்கு அம்மாற்றமே ஒரு சான்றாகும்.

வினாவின் அமைப்பு எளிது. முதலில் ஒரு கேள்வி. அதன்கீழ் இரண்டு கூற்றுகள். மாணவன் விடையைச் சொல்லவேண்டியதில்லை. முதற்கூற்று மட்டுமே போதுமா, இரண்டாங்கூற்று மட்டுமே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, தனித்தனியே ஒவ்வொன்றும் போதுமா, இரண்டும் சேர்ந்தும் போதாதா என்ற ஐந்தனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நான்கு கணக்குகளால் இதனை விளக்குகிறேன்.

முதற்கணக்கு. ஓர் எண் யாது? முதற்கூற்று: அதன் வர்க்கம் 49. இரண்டாங்கூற்று: அது பூஜ்யத்தினும் பெரியது. முதற்கூற்றைக் கண்டதும் 'ஏழு' என்று வாய் முந்திக்கொள்ளும். ஆனால் குறை ஏழின் வர்க்கமும் 49 அன்றோ? ஆகவே அது தனியே போதாது. இரண்டாங்கூற்றும் தனியே போதாது. இரண்டும் சேர்ந்தால் ஏழு ஒன்றே விடை. இங்கே ஒரு செய்முறையைக் கவனியுங்கள். இரண்டாங்கூற்றை ஆராயும்போது முதற்கூற்றை மனத்திலிருந்து அறவே நீக்கிவிடவேண்டும். முன்னதை நினைவில் வைத்துக்கொண்டே பின்னதைப் படிப்பதால் விளையும் தவறுகள் மிகப்பல.

இரண்டாங்கணக்கு. ஒரு பேனாவின் விலை என்ன? முதற்கூற்று: 2 பேனாவும் 3 பென்சிலும் 65 ரூபாய். இரண்டாங்கூற்று: 4 பேனாவும் 6 பென்சிலும் 130 ரூபாய். தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. ஆகவே போதும் என்று முடிவு கட்டுவோர் பலர். ஆனால் இரண்டாவது செய்தி முதற்செய்தியின் இருமடங்கு. ஒரே செய்தியை இருமுறை சொன்னதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பேனா 25 ரூபாய், பென்சில் 5 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு கூற்றும் பொருந்தும். பேனா 10, பென்சில் 15 என்று வைத்தாலும் பொருந்தும். ஆகவே சேர்ந்தும் போதாது. ஒரே வதந்தியைப் பத்துப் பேர் சொன்னாலும் சான்று பத்து ஆகிவிடுவதில்லை.

மூன்றாங்கணக்கு. 13 ரூபாய் விலையுள்ள குறிப்பேடுகளும் 17 ரூபாய் விலையுள்ள பேனாக்களும் ஒருவன் வாங்கினான். வாங்கிய பேனாக்கள் எத்தனை? முதற்கூற்று: மொத்தச் செலவு 107 ரூபாய். இரண்டாங்கூற்று: மொத்தம் 7 பொருள்கள். இங்கும் இரண்டு சமன்பாடுகளும் வேண்டும் என்றே தோன்றும். ஆனால் ஆரியபட்டரையும் சீனத்துச் சேவலையும் நினைவிற் கொள்ளுங்கள். 107இலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டே வந்தால் 90, 73, 56, 39, 22, 5 என்று எஞ்சும். 107ஐயும் சேர்த்து இவற்றுள் பதின்மூன்றால் மீதியின்றி வகுபடுவது 39 ஒன்றே. ஆகவே பேனா 4, குறிப்பேடு 3. முதற்கூற்று மட்டுமே போதும். இரண்டாங்கூற்று தனியே போதாது.

நான்காங்கணக்கு. ஓர் எண் இரட்டைப்படையா? முதற்கூற்று: அது 2ஐ விடப் பெரிய பகா எண். இரண்டாங்கூற்று: அது 10ஐ விடச் சிறியது. முதற்கூற்றின்படி அவ்வெண் இரட்டைப்படை அன்று என்பது உறுதி. விடை 'இல்லை' என்று வந்ததால் செய்தி போதாது என்று மயங்குவோர் உண்டு. 'இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் விடையே. 'ஆம்' என்றும் சொல்லலாம், 'இல்லை' என்றும் சொல்லலாம் என்ற நிலைதான் போதாமை. இங்கே முதற்கூற்று தனியே போதும், இரண்டாவது போதாது.

இந்நான்கு கணக்குகளுக்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு. போதும் என்று சொல்ல, விடை ஒன்றேதான் என்று காட்டவேண்டும். போதாது என்று சொல்ல, செய்திகள் அனைத்துக்கும் பொருந்தி, விடையில் மட்டும் வேறுபடும் இரண்டு நிலைகளைக் காட்டினால் அமையும். 25 ரூபாய்ப் பேனாவும் 10 ரூபாய்ப் பேனாவும் அத்தகைய இரு சாட்சிகள். 'போதாது' என்பது கையை விரிப்பதன்று; நிறுவிக் காட்டவேண்டிய ஒரு முடிவு. இது மூன்றாம் பாடம், எல்லாவற்றிலும் முதன்மையானது.

இப்பாடம் பள்ளிப் பிள்ளைகளிடம் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது? 1979-80இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தார்கள். தொடக்கப் பள்ளிச் சிறுவர் 97 பேரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன, கப்பல் தலைவனின் வயது என்ன? ஃப்ளோபேர் தங்கைக்கு விடுத்த அதே வேடிக்கைதான். 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டு தலைவனின் வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். 26ஐயும் 10ஐயும் கூட்டினால் 36. கப்பல் தலைவனுக்குப் பொருத்தமான வயதுதான்!

அடுத்த சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் குர்ட் ராய்சர் இதுபோன்ற மற்றொரு கணக்கைக் கொடுத்தார். ஒரு மந்தையில் 125 ஆடுகள், 5 நாய்கள். மேய்ப்பவனின் வயது என்ன? ஒரு மாணவன் எண்ணிப்பார்த்த வகை பதிவாகியிருக்கிறது. கூட்டினால் 130, அவ்வளவு வயது இராது. கழித்தால் 120, அதுவும் மிகுதி. வகுத்தால் 25, அது பொருந்தும். அவன் சோம்பேறி அல்லன், சிந்திக்கத்தான் செய்தான். ஆனால் விடை இருந்தே தீரும் என்ற நம்பிக்கை, கேள்வியைப் படிக்கவிடாமல் அவன் கண்ணை மறைத்துவிட்டது.

இச்சிறுவர்களைக் கண்டு நான் சிரிக்க இயலாது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குக் கணக்குத் தாளை நானே எழுதினேன். அதில் ஒரு கேள்வி இவ்வாறு அமைந்தது: 'ஒரு செவ்வக வயலின் சுற்றளவு 60 மீட்டர். அதன் பரப்பளவு காண்க.' நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு என்ற தொடரை நடுவில் எழுத எண்ணியிருந்தேன்; படியெடுக்கும்போது அது விடுபட்டுப் போயிற்று. நான் கவனிக்கவில்லை. வகுப்பில் அதே கணக்கை 'இரண்டு மடங்கு' என்ற செய்தியோடு முன்னரே செய்திருந்தோம். ஆகவே பெரும்பாலோர் அகலம் 10, நீளம் 20, பரப்பளவு 200 சதுர மீட்டர் என்று எழுதினார்கள். கேள்வியைப் படித்து எழுதவில்லை; நினைவிலிருந்து எழுதினார்கள். சிலர் செவ்வகத்தைச் சதுரமாக்கி 225 என்று எழுதினார்கள்.

ஒரு மாணவன் மட்டும் வேறு வகையாக எழுதியிருந்தான். நீளம் 20 ஆனால் அகலம் 10, பரப்பளவு 200. நீளம் 25 ஆனால் அகலம் 5, பரப்பளவு 125. நீளம் எவ்வளவு என்று சொல்லாததால் பரப்பளவைச் சொல்ல இயலாது என்று நான்கே வரி. என் கையில் விடைக்குறிப்பு இருந்தது. அதில் 200 என்று இருந்தது. நான் அவ்வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, பூஜ்யம் இட்டேன். அவன் வந்து கேட்கவில்லை. மறு ஆண்டு பழைய தாளிலிருந்து ஒரு கணக்கை எடுக்கலாம் என்று அதனைப் புரட்டியபோதுதான் விடுபட்ட தொடர் என் கண்ணில் பட்டது. அவன் எழுதியது உடனே நினைவுக்கு வந்தது. அதற்குள் அவன் தந்தைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, அவனும் பள்ளியை விட்டுப் போய்விட்டான்.

அவன் செய்ததை இன்று எண்ணிப் பாருங்கள். செய்திக்குப் பொருந்தி, விடையில் வேறுபடும் இரண்டு நிலைகளை நிறுத்தினான். குறைவது எந்தச் செய்தி என்றும் சொன்னான். யூக்ளிட் செவ்வகத்தைப் பற்றி எழுதியதும், போல்யா கேட்கச் சொன்னதும், அமெரிக்கத் தேர்வாளர் அளக்க விரும்பியதும் இதுவே. வகுப்பு முழுவதிலும் கேள்வியை உண்மையாகப் படித்தவன் அவன் ஒருவன். அவனுக்கே நான் பூஜ்யம் இட்டேன். போல்யாவின் நூலைப் படித்துத் தேறிய ஆசிரியன் நான்! அடுத்த நாள் வகுப்பில் இதனை மாணவர்களிடம் சொன்னேன். அது முதல் ஓய்வு பெறும் வரை, நான் எழுதிய ஒவ்வொரு தாளிலும் செய்தி குறைந்த கணக்கு ஒன்றையாவது, செய்தி மிகுந்த கணக்கு ஒன்றையாவது வேண்டுமென்றே சேர்த்தேன். 'போதாது' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். ஏன் போதாது, எது வேண்டும் என்றும் எழுதினால் முழு மதிப்பெண். முதல் ஆண்டு மாணவர்கள் குழம்பினார்கள். பிறகு கேள்விகளை மெல்லப் படிக்கத் தொடங்கினார்கள். என் தாள்களிலேயே சில பிழைகளை அவர்கள் எடுத்துக்காட்டியதும் உண்டு.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்து நான்சோங் நகரில் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் மீண்டும் கப்பலேறின. தலைவனின் வயது கேட்கப்பட்டது. பெற்றோர் பலர் தேர்வாளர் தவறிவிட்டார் என்று கருதினார்கள். அது தவறன்று, மாணவர் ஆராய்ந்து வினவும் உணர்வைச் சோதிக்கவே கேட்கப்பட்டது என்று கல்வித்துறை விளக்கம் தந்தது. கப்பல் செலுத்துபவர் வயது வந்தவராயிருத்தல் வேண்டும், ஆகவே தலைவனுக்கு 18 வயதுக்குக் குறையாது என்று ஒரு மாணவர் எழுதியிருந்தாராம். எவ்வளவு அழகான விடை! கேட்ட விடைக்குச் செய்தி போதாவிடினும், இருக்கும் செய்தியிலிருந்து எவ்வளவு தூரம் நியாயமாகச் செல்லலாமோ அவ்வளவு தூரம் அம்மாணவர் சென்றார். அதற்கு மேல் ஓர் அடியும் வைக்கவில்லை.

நண்பர்களே, 'எனக்குத் தெரியாது' என்பதும், 'இச்செய்தி போதாது' என்பதும் ஒன்றல்ல. முன்னது நம் நிலையைச் சொல்வது; படித்தால் அது மாறக்கூடும். பின்னது கணக்கின் நிலையைச் சொல்வது. எத்தனை பெரிய மேதை வந்தாலும் மாறாது. தேர்வுக் கூடத்தை விட்டு வெளியே வந்த பிறகு இவ்வேறுபாடு இன்னும் மிகுதியாகத் தேவைப்படும். நோயாளியின் உடற்சூட்டை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிடாத மருத்துவரையும், ஒரு பக்கத்து வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்துவிடாத நீதிபதியையும் நாம் மதிக்கிறோம். அவர்கள் செய்வதும் தரவுப் போதுமைக் கணக்கே. அயலாரைப் பற்றி ஒரு செய்தி காதில் விழும்போது, 'இஃது உண்மையென்று கொள்ள இவ்வளவு போதுமா?' என்று கேட்கும் மனிதரும் அதே கணக்கைத்தான் செய்கிறார்.

நாளைக் காலையில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, முதல் கணக்கின் 'காண்க' என்ற சொல்லுக்கு உடனே பணிந்துவிடாதீர்கள். எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, கேட்பது எது, கொடுத்தவை எவை, கொடுத்தவை போதுமா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் போதும் என்றே முடிவாகும். அந்த நிமிடம் வீணன்று, விடைக்குச் செல்லும் வழியே அதில்தான் தெரியும். என்றாவது ஒரு நாள் போதாது என்று முடிவானால், அஞ்சாமல் அப்படியே எழுதுங்கள். இரண்டு சாட்சிகளை அருகில் நிறுத்தி எழுதுங்கள். ஆசிரியர் அவசரத்தில் அடித்துவிட்டால் அவரிடம் சென்று மரியாதையோடு கேளுங்கள். அன்று அந்த மாணவன் என்னிடம் வந்து கேட்டிருந்தால், அவனுக்கு உரிய மதிப்பெண்ணை அவன் பெற்றிருப்பான்; எனக்கு வேண்டிய பாடத்தை நானும் ஓராண்டு முன்னதாகவே பெற்றிருப்பேன்.